என் மவுண்ட் ஆடவில்லை

என் மவுண்ட் ஆடுகிறது என்று சொன்னார்கள். அதுவும் எல்லோரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், டீயும் பிஸ்கட்டும் வந்து சேர்ந்த நேரத்தில். கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும் என்பது வீட்டுக்கும் தெரியும், அலுவலகத்துக்கும் தெரியும். அன்று என்னவோ, பிஸ்கட்டைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

சொன்னவர் எங்கள் தலைமைப் பொறியாளர். தெலுங்குக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். ஒரு திருகைக்கூடக் காரணம் சொல்லாமல் திருப்ப விடமாட்டார். வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள் கிடையாது. அதனால்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு டீயைக் குடித்திருப்பேன்.

மவுண்ட் என்றால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிடி. நாங்கள் செய்வது லேசர் இண்டர்ஃபெரோமீட்டர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு திசையில் அனுப்புவோம். ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். வந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால், எது கொஞ்சம் கூடுதல் தூரம் போய்வந்தது என்று தெரிந்துவிடும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு கொஞ்சம் என்றால், ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றை எடுத்து மறுபடியும் கூறு போட வேண்டும். இப்படிப்பட்ட கருவியில் கண்ணாடி தானாக ஆடினால், அது அளப்பதெல்லாம் பொய்யாகிவிடும். கண்ணாடியை அசையாமல் நிறுத்துவதுதான் எங்கள் தொழிலில் பாதி வேலை.

நல்ல மவுண்ட் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வாங்குவதுதான் வழக்கம். அதில் ஸ்பிரிங்கும் திருகும் இருக்கும். ஸ்பிரிங் இருந்தால் ஆட்டமும் இருக்கும் என்பது என் கட்சி. ஸ்பிரிங்கே இல்லாமல், ஒரே எஃகுக் கட்டியை, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் அறுக்கிற வயர் கட்டிங்கில் அறுத்து, வேண்டிய இடத்தில் மட்டும் மெலிதாக வளைகிற மாதிரி ஒன்று செய்யலாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்து காட்டு என்றார் தலைமைப் பொறியாளர். ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அதன் முதல் படத்தை வரைந்தேன். ஒரு பக்கம் மகளின் வீட்டுப்பாடம், ஒரு பக்கம் சட்னிக் கிண்ணம், நடுவில் என் லேப்டாப். அறுத்து வந்த முதல் கட்டி விரிசல் விட்டது. அடுத்தது கோணிக்கொண்டது. அதற்கடுத்தது வந்தபோது கையில் வைத்துப் பார்த்தேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும் என்று என் கணவரிடம் சொன்னேன். அப்போ நான் யாரு என்று அவர் கேட்டார்.

அந்த மவுண்டைக் கருவியில் பொருத்தி, கண்ணாடியை ஏற்றி, ஒளி சரியாக விழுகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, அளவெடுத்துப் பார்க்க நேரமில்லாமல்தான் தசரா விடுமுறைக்கு மகளை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனேன். அம்மா வீட்டில் நன்றாகத் தின்றேன், தூங்கினேன். திரும்பி வந்து பார்த்தால், திரையில் எந்தக் கதியில் எத்தனை அதிர்வு என்று காட்டுகிற, பாயைப் போலத் தட்டையாகப் படுத்திருக்க வேண்டிய கோடு, ஓரிடத்தில் ஆணி அடித்த மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. ஏதோ ஒன்று இடைவிடாமல் ஒரே கதியில் அதிர்கிறது என்று அதற்கு அர்த்தம்.

தலைமைப் பொறியாளரின் வாதம் நேரானது. தசராவுக்கு முன்னால் கோடு சுத்தமாக இருந்தது, அப்போது இருந்தது இரவல் வாங்கிப் போட்டிருந்த பழைய மவுண்ட். என்னுடையதைப் போட்ட பிறகுதான் இந்த ஆணி. அந்த அதிர்வு, அறைக் குளிர்ச்சிக்காகப் புதிதாக வைத்த ஃபேன் ஓடும்போதுதான் வருகிறது. ஃபேனை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. ஃபேனின் ரீங்காரமும் என் மவுண்டைச் சுண்டினால் அது அதிர்கிற கதியும் கிட்டத்தட்ட ஒன்று. ஃபேன் பாடுகிறது, உன் மவுண்ட் ஆடுகிறது, இதில் இன்னும் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஃபேனை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் அறை சூடேறி கருவியே வீங்கிப்போகும். பழைய மவுண்டைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்றால், அது வேறொரு கருவியோடு ஊரை விட்டே போய்விட்டது. ஆகவே வெளிநாட்டு மவுண்ட் ஒன்றுக்கு ஆர்டர் போடுவது, வாடிக்கையாளர் கருவியைப் பார்க்க வருவதற்குள் அதை மாட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

"வாங்கிடலாம்மா. இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல," என்று தெலுங்கில் சொன்னார். குரலில் அன்பு இருந்தது. அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆர்டர் வெள்ளிக்கிழமை போகும் என்றார்கள். அதுவரை எனக்கு விடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். மகள் ஆங்கிலத்தில் என்னம்மா ஆச்சு என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தெலுங்கில் யாருடனோ ஃபோன் பேசப் போய்விட்டாள். கணவர்தான் பக்கத்தில் வந்து நின்றார். அவர் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருப்பவர். அவர் செய்த எதையும் யாரும் கையில் தூக்கிப் பார்த்தது கிடையாது, அதனால் அவருக்கு என் நோவு புரியாது என்பது என் எண்ணம்.

"வாங்குனா வாங்கிட்டுப் போறாங்க. உனக்குச் சம்பளத்தையா பிடிக்கப் போறாங்க?" என்றார்.

"சம்பளத்தைப் பிடிச்சாக் கூடப் பரவால்லங்க. நான் செஞ்சது ஆடுதுன்னுல்லா சொல்லுதாங்க," என்றேன். சிங்கில் கிடந்த மிச்சப் பாத்திரத்தை அவரே கழுவினார்.

மறுநாள் முதல் வேலையாக மவுண்டின் முதுகில் ஒரு சின்ன அதிர்வு சென்சாரை ஒட்டிப் பார்த்தேன். மவுண்ட் சும்மா நின்றது. எனக்கு வாயெல்லாம் பல். தலைமைப் பொறியாளர் பார்த்துவிட்டு, சென்சாரின் கனத்தில் மவுண்டின் குணமே மாறியிருக்கும், இதை நான் ஏற்க மாட்டேன் என்றார். கோபம் வந்தாலும், அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பதும் தெரிந்தது. சென்சாரைப் பிரித்து எடுத்தேன். மவுண்டைத் தொடாமல் அது ஆடவில்லை என்று காட்ட வேண்டும்.

எங்கள் அணியில் கருவியின் அளவுகளைப் பதிவு செய்து பிரித்துப் பார்க்கும் வேலை ஒருவருடையது. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். என்னை அக்கா என்பார். அவர் பேசும் தமிழில் ஊர் உலகத்து மொழியெல்லாம் உட்கார்ந்திருக்கும். எங்கள் கட்டடம் மல்காஜ்கிரிப் பக்கம், ரயில் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அணுவளவு அசைவை அளக்கிற கூட்டம் ஏன் ரயிலுக்குப் பக்கத்தில் போய்க் குடியேறியது என்று கேட்காதீர்கள், வாடகை குறைவு என்பதைத் தவிர எங்களிடம் பதில் இல்லை. கருவி வைத்த மேசை காற்று அடைத்த கால்களில் மிதக்கிறது. அப்படியும் கனமான சரக்கு ரயில் போனால் கோடு கலைந்துவிடும். அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. ரயில் போகும்போது எடுத்த அளவைப் பார்க்கவே மாட்டோம். வண்டி வரும் நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். தரை அதிர்வதை வைத்து அந்தத் துண்டைத் தானாகவே ஒதுக்கித் தள்ளும்படி அவர் நிரல் எழுதி வைத்திருந்தார். அந்த நிரலில் எங்கள் எல்லோருக்கும் பெருமை.

நான் அவரிடம் போய், ஒதுக்கித் தள்ளியதையெல்லாம் எனக்குக் காட்டுங்கள் என்றேன்.

"கைக்கு அக்கா, எதுக்கு? அது கச்சடா. அதுல ஒண்ணும் கிடைக்காது," என்றார்.

எனக்கு வேண்டியது கச்சடாதான் என்றேன். என் கணக்கு சுலபமானது. மவுண்டை ஆட்டிப் பார்க்க எனக்கு ஓர் ஆள் வேண்டும். நான் ஆட்டினால் நம்ப மாட்டார்கள், நீ உனக்கு வேண்டியபடி ஆட்டினாய் என்பார்கள். சரக்கு ரயிலுக்கு என்மீது பாசமும் கிடையாது, பகையும் கிடையாது. அது பாட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பலமாக ஆட்டிவிட்டுப் போகிறது. அப்படி ஆட்டும்போது அந்த ஆணி என்ன செய்கிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

பார்த்தோம். முதல் ரயிலிலேயே என் முதுகு நிமிர்ந்துவிட்டது.

கண்ணாடி ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு ஆட்டினால் கோடு இரண்டு மடங்கு உயர வேண்டும், மூன்று மடங்கு என்றால் மூன்று மடங்கு. இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ரயில் வந்தபோது ஆணி உயரவில்லை. இருந்த உயரத்திலேயே நின்று, அகலமாகப் பரவியது. ரயில் நெருங்க நெருங்க, மேலே மேலே வேகமான அதிர்வுகளாக விரிந்தது. ரயில் போனதும் அதேபோலச் சுருங்கி மறுபடி ஆணியானது. அடுத்த ரயிலிலும் அப்படித்தான். அதற்கடுத்த ரயிலிலும்.

இந்தக் குணம் எதற்கு உண்டு என்று எனக்குத் தெரியும். வழிதவறிப் போன ஒளிக்கு உண்டு. கருவியில் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் துளி ஒளியை வேண்டாத திசையில் சிந்தும். அந்தத் துளி எதன் மீதாவது பட்டுத் திரும்பி வந்து, அசல் ஒளியோடு கலந்துவிட்டால், அது பட்ட பொருள் ஆடுவதெல்லாம் கண்ணாடி ஆடுவதாகத் தெரியும். ஆனால் அது துளி ஒளிதானே. பட்ட பொருள் எத்தனை பெரிதாக ஆடினாலும், துளியின் பலம் கூடாது. மெல்லிய குரல்காரர் எத்தனை வேகமாகப் பாடினாலும் வேகம்தான் கூடும், சத்தம் கூடாது, அதுபோல. மேசைக்கு வெளியே, தரையோடு சேர்ந்து ஆடுகிற எதுவோ ஒன்று, நம் ஒளியை நமக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. மவுண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைச் சொன்னதும் மெட்டுகுடாக்காரர் முதல் ரயிலின் அளவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு, தான் இத்தனை காலமாகக் குப்பையில் கொட்டியது இதையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஆமாமை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன், இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

ஆனால் இதோடு போய் நின்றால் தலைமைப் பொறியாளர் விடமாட்டார். எந்தப் பொருள் என்று காட்டு என்பார். காட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை ஆர்டர் போகும். அன்று வியாழன்.

கருவியைச் சுற்றி, காற்று படாமலிருக்க ஒரு கூண்டு உண்டு. அலுமினியச் சட்டத்தில் கறுப்பு பூசிய தகடுகள். கூண்டு மேசையில் நிற்கவில்லை, தரையில் நிற்கிறது. ஃபேன் ஓடினால் தகடுகள் லேசாக அதிரும், கையை வைத்தால் தெரியும். கறுப்புப் பூச்சு ஒளியை விழுங்கிவிடும் என்பதால் அதுவரை யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. மத்தியானச் சாப்பாட்டை ஒத்திப்போட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு தகடாகக் கழற்றினோம். ஒன்றைக் கழற்றுவது, கோட்டைப் பார்ப்பது, திரும்ப மாட்டுவது. வலது பக்கம் ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கமும் இல்லை. இடது பக்கத் தகட்டைக் கழற்றியதும், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆணி காணாமல் போனது. கோடு பாயாகப் படுத்துக்கொண்டது.

தகட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் உள்பக்கத்தைப் பார்த்த மெட்டுகுடாக்காரர், அக்கா இங்க வாங்க என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. போய்ப் பார்த்தேன். கறுப்புத் தகட்டின் நடுவில், உள்ளங்கை அளவில், தங்கத் தாளில் அச்சிட்ட சரஸ்வதி ஸ்டிக்கர். பளபளவென்று, மூலைகள் கொஞ்சமும் தூக்காமல், ஸ்கேல் வைத்து ஒட்டிய மாதிரி நேராக.

அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. நான் ஊருக்குப் போயிருந்த ஆயுத பூஜை நாளில் நடந்ததைச் சொன்னார். கருவி இருக்கும் சுத்த அறைக்குள் குங்குமம் கூடாது, மஞ்சள் கூடாது, பூ, ஊதுவத்தி எதுவும் கூடாது. தூள் பறந்தால் கண்ணாடி போச்சு. இந்த விதியைப் போட்டதே தலைமைப் பொறியாளர்தான். ஒவ்வொரு வருடமும் கதவுக்கு வெளியே மேசை போட்டு, கருவிகளுக்கு அங்கிருந்தே கும்பிடு போடுவார்கள். இந்த வருடம் புதுக் கருவி. வெறுமனே விட தலைமைப் பொறியாளருக்கு மனசு வரவில்லை. தூள் உதிராதது எது என்று யோசித்து, ஸ்டிக்கர் வாங்கி வந்து, உதிர்கிறதா என்று டேப் ஒட்டிச் சோதித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தானே உள்ளே போய் ஒட்டியிருக்கிறார். மேசையைத் தொடக்கூடாது, கண்ணாடிக்குப் பக்கத்தில் கூடாது என்று கவனமாகக் கூண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இன்று வரை அந்த ஆளை நினைத்தால் எனக்கு இந்த இடத்தில் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். எல்லாவற்றையும் யோசித்தவர், அது மினுக்குகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. என்ன மாறியது, என்ன மாறியது என்று நாங்கள் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டபோது, பூஜை செய்தது ஒரு மாற்றம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தகட்டைத் திரும்ப மாட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டு, எதிர்ப்பக்கத் திறப்பு வழியாக எட்டிப் பார்த்தோம். ஒளியைப் பிரிக்கும் கண்ணாடியின் பின்பக்கத்திலிருந்து சிந்திய ஒரு துளிச் சிவப்பு, நேராகப் போய் சரஸ்வதியின் வீணைக் குடத்தில் உட்கார்ந்திருந்தது.

"ஹவ், ஆமா அக்கா, அம்மாதான் வீணை வாசிச்சிட்டு இருந்திருக்கா. நாம ஃபேனைத் திட்டிட்டு இருந்தோம்," என்றார்.

பிய்த்து எடுத்துவிட்டால் ஒரு நிமிட வேலை. என் கை போகவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். அவர் பக்தியோடு ஒட்டிய சாமியை, அவர் இல்லாத நேரத்தில், என் மவுண்டைக் காப்பாற்றிக்கொள்ள நான் பிய்த்தேன் என்று இருக்கக் கூடாது. மெட்டுகுடாக்காரரும், நக்கோ அக்கா, நானும் தொட மாட்டேன் என்று பின்வாங்கினார். கடைசியில் ஒரு கறுப்பு வெல்வெட் துணியை, ஸ்டிக்கரில் படாமல் அதற்கு முன்னால் தொங்கவிட்டோம். ஆணி மறைந்தது. துணியைத் தூக்கினால் வந்தது. இறக்கினால் போனது. சிறு பிள்ளைகள் சுவிட்சைப் போட்டு விளையாடுவதுபோல அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, தலைமைப் பொறியாளரைக் கூப்பிடப் போனேன். போகிற வழியெல்லாம் என்னென்னவோ வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். நன்றாக உறைக்கிற மாதிரி சில நல்ல வார்த்தைகள் கிடைத்தன.

அவர் வந்து திரைக்கு முன்னால் நின்றார். தட்டைக் கோட்டைப் பார்த்ததும் ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். கையைத் தகட்டில் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். நான் துணியைத் தூக்கினேன். ஆணி வந்தது. இறக்கினேன். போனது. குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கோத்து வைத்த வார்த்தைகளெல்லாம் என் நாக்கு நுனியில்தான் இருந்தன. அவருடைய பின்கழுத்து சிவந்துபோனதைப் பார்த்ததும் ஒன்றைக்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

நிமிர்ந்து, "அது நான் ஒட்டினதும்மா," என்றார்.

தெரியும் சார் என்றேன். ரயில் அளவுகளையும் கொண்டு வந்து காட்டினேன். உயராமல் பரவுவதைப் பார்த்ததும், நான் விளக்கும் முன்பே தலையை ஆட்டினார். இதை நான் கேட்டிருக்க வேண்டும், ரயில் வரும்போது என்ன ஆகிறது என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. துணி தொங்கியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கூண்டின் இடது தகட்டை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். கோடு அசையவில்லை. பிறகு மேசையையே தட்டினார். அதில் கண்ணாடிகள் எல்லாம் குலுங்க, கோடு எழும்பி, உடனே அடங்கியது. என் மவுண்ட் ஒரு நொடிகூட ரீங்கரிக்கவில்லை. இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். தட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் கையுறை மாட்டிக்கொண்டு, ஸ்டிக்கரை மூலையிலிருந்து பொறுமையாக உரித்தார். கிழியாமல் வந்தது. கதவுக்கு வெளியே, எல்லோரும் செருப்பைக் கழற்றுகிற இடத்துக்கு நேர் மேலே உயரத்தில் ஒட்டினார். ஒட்டிவிட்டுக் கண்ணை மூடிச் சற்று நேரம் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அன்று சாயங்காலமே, ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அவர் அந்த மேசையைத் தட்டிய தட்டே எனக்குப் போதும்.

வீட்டில் கணவரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் அப்படிக் கேட்பது அபூர்வம். முடித்ததும், அந்த ரயிலுக்கு ஒரு மாலை போடணும்ட்டி என்றார். மகள் எங்கள் இருவரையும் பார்த்து, என்ன ஆச்சு இவர்களுக்கு என்று தெலுங்கில் முணுமுணுத்தாள். உங்கம்மா கெட்டிக்காரி என்று ஆச்சு, என்று நான் தமிழிலேயே சொன்னேன். தற்பெருமைதான். அன்றைக்கு அது எனக்குப் பொருந்தியது.

வாடிக்கையாளர் வந்தது அதற்குப் பிறகு. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள், அதில் மூத்தவர் தமிழர். ஆள் விஷயம் தெரிந்தவர். திரையில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரக்கு ரயில் ஒன்று போயிற்று. நாங்கள் யாரும் அளவை நிறுத்தவில்லை. கோடு மெல்ல எழுந்து மெல்ல இறங்கியது, எந்த இடத்திலும் பரவவில்லை. தலைமைப் பொறியாளர் அவர்களிடம், நடுவில் ஒரு தொல்லை வந்தது, அதற்குக் காரணம் நான், கண்டுபிடித்தவர் இவர் என்று என்னைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார். ஸ்டிக்கர் கதையையும் மறைக்காமல் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

கோயம்புத்தூர்க்காரர் சிரித்து முடித்து, கூண்டுக்குள் தலையை நீட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், இந்த மிரர் மவுண்டை இதுவரை எந்தக் கேட்டலாக்கிலும் பார்த்ததில்லையே, எங்கிருந்து வாங்கினீர்கள் என்று தலைமைப் பொறியாளரைக் கேட்டார்.

தலைமைப் பொறியாளருக்குப் பதில் தெரியும். ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரடி நகர்ந்து எனக்கு வழிவிட்டு நின்றார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாள் அலுவலகத்தில் பேசிய ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"வாங்கல சார்," என்றேன். "நான் செஞ்சது."